கேரியர் இல்லாத சைக்கிள்

வணக்கம். "கடலோரமா ஓடுறீங்க, சைக்கிள் விடுறீங்க, அதைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசுங்க" என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டில் கடலோர சைக்கிளைப் பற்றிப் பேசத் தகுதியான ஆள் என் அப்பாதான், அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

அப்பா சைக்கிள் மீன்காரர். விடியறதுக்கு முன்னாடியே கடலூர் தேவனாம்பட்டினம் கரைக்குப் போய், ஏலத்தில் சங்கராவோ கானாங்கெளுத்தியோ கிடைத்ததை எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து, கேரியரில் பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நெல்லிக்குப்பம் பக்கம் கிளம்பிவிடுவார். நாற்பது ஐம்பது கிலோ பின்னால் உட்கார்ந்திருக்கும். ஹேண்டில்பாரில் ஒரு ரப்பர் ஹாரன், பாம் பாம் என்று. அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் பெண்களுக்கு முன்னால் பூனைகள் வந்து நிற்கும். அவருக்குப் போட்டி வேறு வியாபாரிகள் இல்லை, வெயில்தான். வெயில் ஏறினால் மீன் துவண்டுவிடும், துவண்ட மீனைப் பாதி விலைக்கு விற்க வேண்டும், அதனால் தினமும் ஒரு பந்தயம் போலத்தான் ஓட்டினார், ஆனால் அதை யாரும் சைக்கிள் பந்தயம் என்று சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் கணக்கு எழுதுகிற ஆள். நாற்பது வயதுக்கு மேல்தான் ஓட ஆரம்பித்தேன், அப்புறம் சைக்கிள். அலுமினியச் சட்டம், பதினாறு கியர், ஒரு கையால் தூக்கிவிடலாம். வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியதும் அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்சக்கரத்துக்கு மேலே வெறுமையாக இருந்த இடத்தைத் தடவிவிட்டு, "இதுல மீன எங்க வைப்ப?" என்றார். விலையைக் கேட்கவில்லை, நல்லவேளை.

சரி, பாதைக்கு வருகிறேன். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கடலை ஒட்டியே ஓடிப் போய்விடலாம் என்று வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். வரைபடத்தில் அப்படித்தான் தெரியும். ஆனால் குறுக்கே கெடிலம் இருக்கிறது, தென்பெண்ணை இருக்கிறது, சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு என்று வரிசையாகக் கடலில் கலக்கின்றன, முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. அதனால் இந்தப் பாதை ஒரு சீப்பு மாதிரி. ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, கன்னியகோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று போகிற பெரிய சாலை சீப்பின் முதுகு. அதிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகிற கிராமத்துச் சாலைகள் அதன் பற்கள். ஒவ்வொரு பல்லின் நுனியிலும் ஒரு மீனவர் குப்பம். நரம்பை, பனித்திட்டு, நல்லவாடு, வீராம்பட்டினம். உள்ளே போய்க் கடலைப் பார்த்துவிட்டு மறுபடி முதுகுக்கு வந்து அடுத்த பல்லுக்குள் நுழைய வேண்டும். நேராகப் போனால் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் முடிகிற தூரம், இப்படிப் போனால் இரட்டிப்பாகிவிடும். அவசரமாக இருக்கிறவர்கள் பேருந்தில் போகலாம்.

ஓட்டத்துக்கு என் சொந்த இடம் தேவனாம்பட்டினம், அதாவது எல்லோரும் வெள்ளி கடற்கரை என்று சொல்கிற இடம். பக்கத்திலேயே புனித டேவிட் கோட்டையின் மிச்சம். 1690இல் ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து அந்தக் கோட்டையை வாங்கியபோது ஓர் ஒப்பந்தம்: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு. இன்றைக்கும் கடலூரில் குண்டுசாலை இருக்கிறது, குண்டு உப்பலவாடி இருக்கிறது. நாங்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் குண்டு எல்லையைத்தான் ஓடிப் பார்ப்போம். பீரங்கிக்காரன் கொஞ்சம் கூடுதலாக மருந்து போட்டிருப்பான் என்பது, மூச்சு வாங்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும் சந்தேகம்.

அங்கிருந்து வடக்கே மணலிலேயே தாழங்குடா வரை ஓடலாம், பெண்ணையாற்று முகத்துவாரம் வந்துவிடும், அதற்கு மேல் வழியில்லை, திரும்ப வேண்டியதுதான். புதிதாக வருகிறவர்கள் உலர்ந்த மணலில் ஓடிக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அலை வந்து போன ஈர விளிம்பில் ஓடுங்கள், அங்கேதான் மணல் கெட்டி. ஆனால் அந்த விளிம்பு சரிவு, ஒரு கால் எப்போதும் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் கணக்கு சரியாகிவிடும். வெறுங்காலில் ஓடுகிறவர்கள் தூண்டில் முள்ளுக்கும் கண்ணாடிச் சில்லுக்கும் பயப்பட வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடக்கிற சொறியை, அதாவது ஜெல்லி மீனை, கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று மிதித்துவிடாதீர்கள், செத்துப்போன சொறியும் அரிக்கும். மணல் மேட்டில் அடம்பங்கொடி ஊதாப் பூவோடு படர்ந்திருக்கும், அது நல்ல பிள்ளை. பக்கத்திலேயே ராவணன் மீசை என்று ஒரு புல், பெயரைக் கேட்டாலே தெரியும், நுனியெல்லாம் ஊசி. என் டயரில் ஒரே நாளில் இரண்டு பஞ்சர் அதனால்தான்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இங்கே சைக்கிளைப் பற்றிச் சொல்ல முடியாது. கைப்பேசியில் இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று காட்டும், பெயர் காட்டாது. கரையில் பெயர் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோழகம். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை அடிக்கும்போது புதுச்சேரிக்குப் போவது மூச்சைப் பிடுங்கும், திரும்பி வருவது சுகம். கோடையில் நேர்மாறு, சோழகம் முதுகில் கை வைத்துத் தள்ளும், அரியாங்குப்பம் வரை போனதே தெரியாது, நானெல்லாம் என்னைப் பெரிய வீரன் என்று நினைத்திருக்கிறேன். திரும்பும்போதுதான் தெரியும். "போறப்ப காத்து தள்ளுனா சந்தோசப்படாத" என்று அப்பா சொல்வார். அவருக்கு அந்தச் சந்தோஷமும் கிடைத்ததில்லை. காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், அவர் மேற்கே நெல்லிக்குப்பம் போகும்போது முகத்துக்கு நேரே. மதியத்துக்குமேல் கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், அவர் கிழக்கே வீடு திரும்பும்போது மறுபடி முகத்துக்கு நேரே. முப்பது வருஷம் இரண்டு பக்கமும் எதிர்காற்று. படகுக்காரர்களுக்கு இதே காற்று அப்படியே பொருந்தும், இரவில் போகத் தள்ளும், பகலில் வரத் தள்ளும். கட்டுமரத்தில் பாய் கட்டிப் போன காலத்தில் அவர்கள் பிழைப்பே இதில்தான் இருந்தது. இப்போது கட்டுமரத்தைப் பார்ப்பதே அபூர்வம், எல்லாம் பைபர் படகு. ஆனாலும் பெரியவர்கள் வாயில் இன்னும் "மரம் வந்துடுச்சா?" என்றுதான் வருகிறது.

காலை ஆறு மணி கரை நமக்கு உடற்பயிற்சி நேரம், அவர்களுக்கு வேலையின் உச்ச நேரம். டிராக்டர் படகை இழுத்துக்கொண்டிருக்கும், அந்தக் கயிறு மணலில் தளர்ந்து கிடந்து திடீரென்று விறைக்கும், அதைத் தாண்டி ஓடாதீர்கள். கரைவலை இழுக்கிறார்கள் என்றால் இரண்டு வரிசை ஆட்கள், நடுவில் கடல். அந்த நடுவில் புகுந்து ஓடுகிற சில பேரைப் பார்த்திருக்கிறேன், கோபம் வரும். சாலையில் வலை காய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கருவாடு காய்கிற இடத்தில் மூக்கைப் பொத்தாதீர்கள், அது யாரோ ஒருத்தர் வீட்டுப் பள்ளிக் கட்டணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போதுதான் நின்று பேச ஆள் கிடைக்கும். படகு நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருப்பார்கள். எந்த வலை எந்த மீனுக்கு, கண் அளவு எவ்வளவு என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது அந்த இரண்டு மாதங்கள்தான். பாதி மறந்துபோச்சு.

ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு விஷயம். மணலில் டிராக்டர் சக்கரத் தடம் மாதிரி, ஆனால் ஒரு முழத்துக்கும் மேல் அகலமாக, கடலிலிருந்து மேட்டுக்கு ஏறியிருந்தால் அது பங்குனி ஆமை முட்டையிட வந்த வழி. அந்த மாதங்களில் இருட்டில் ஓடும்போது நெற்றி விளக்கைப் போடாதீர்கள். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடல் என்று நினைத்து எதிர்ப்பக்கம் நடக்கத் தொடங்கிவிடும்.

புதுச்சேரிப் பக்கம் வந்தால் எனக்குப் பிடித்த பல் வீராம்பட்டினம். ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் தேர், ஆளுநரே வந்து வடம் பிடிப்பார், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வருகிற பழக்கம். அன்றைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகாதீர்கள், நான் ஒருமுறை போய் இரண்டு மணி நேரம் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நின்றேன். ஊரை ஒட்டினாற்போல அரிக்கமேடு. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்த இடம். ஆற்றங்கரை, மரநிழல், மயான அமைதி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பு கப்பல் வந்து நின்ற துறை என்றால் நம்பக் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

ஓடுகிறவர் காலுக்கு மட்டும் தெரிகிற ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. வீராம்பட்டினத்தில் மணல் அகலமாக, தாராளமாக இருக்கும். ஆற்றைச் சுற்றிக்கொண்டு புதுச்சேரி நகரத்துக்குள் போனால் கடற்கரைச் சாலையில் காலுக்குக் கீழே கல்நடை, கடலுக்குப் பக்கத்தில் கருங்கல் குவியல். ஒரே கடல்தானே, ஏன் இப்படி? வருஷத்தின் பெரும்பகுதி இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1989இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் வந்தது. மணல் சுவருக்குத் தெற்கே தேங்கிக்கொண்டது, வடக்கே போக வேண்டியது போகவில்லை. நகரத்தின் மணல்கரை கரைந்துபோனது, கல்லைக் கொட்டினார்கள், கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. மீனவருக்குப் படகு ஏற்றவும் வலை காயவைக்கவும் இடம் இல்லை என்பதைவிட, சுற்றுலாவுக்கு மணல் இல்லை என்பதுதான் அதிகம் பேசப்பட்டது என்பது என் எண்ணம். பிறகு 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு செயற்கைத் திட்டு போட்டார்கள், அதன் நிழலில் மணல் மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. காலையில் அங்கே பிள்ளைகள் மணலில் ஓடுவதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டிகள் கிடையாது, 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம் வரை நிம்மதியாக ஓடலாம். ஆனால் அங்கே ஓடுகிறவர்கள் ஓடுகிறவர்களையேதான் பார்க்கிறார்கள். அதனால் நான் நாலு சுற்றோடு கிளம்பிவிடுவேன்.

ஓடி முடித்தால் என்ன சாப்பிடுவது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பாக்கெட்டில் வருகிற பிசின் மாதிரி ஒன்றைப் பிழிந்து சாப்பிடுகிறார்கள், சாப்பிடட்டும். எனக்குக் கேழ்வரகுக் கூழ், மோர் விட்டு, உப்புத் தூக்கலாக, கடித்துக்கொள்ளச் சுட்ட கருவாடு. வியர்வையில் போன உப்பெல்லாம் திரும்பிவிடும். வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுவிடுங்கள். உப்புக்காற்று ஒரே வாரத்தில் சங்கிலியைத் தின்றுவிடும்.

டிசம்பர் 26 அன்று நாங்கள் ஓடுவதில்லை. 2004 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள், அதில் தேவனாம்பட்டினமும் சிங்காரத்தோப்பும் உண்டு. அன்று காலை கரையில் பாலும் பூவும் விடுவார்கள். நாங்களும் போவோம், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்போம்.

போன வருஷம் தாழங்குடாவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஓர் ஆயா கூடையோடு நின்றிருந்தார். தினமும் பார்க்கிற முகம்தான். "ஏம்பா, தெனமும் வெறும் சைக்கிளத்தான் ஓட்டிக்கினு போற, இந்தக் கூடைய பஸ் நிக்கிற எடம் வரைக்கும் வச்சிக்கினு போயேன்" என்றார். வைக்க இடம் இல்லை. கேரியர் இல்லை ஆயா என்றேன். அவர் என்னையும் சைக்கிளையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்புறம் எதுக்கு இத வாங்குன?" என்றார். கூடையை நான் தலையில் வைத்துக்கொண்டேன், சைக்கிளை அவர் தள்ளிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஊரே சிரித்தது.

மறுநாளே கடைக்குப் போனேன். இந்த மாதிரி சைக்கிளுக்கு யாரும் கேரியர் போட மாட்டார்கள் சார், எடை கூடிவிடும் என்றார் கடைக்காரர். பரவாயில்லை என்று போட்டுக்கொண்டு வந்தேன். அப்பா அதைக் கையால் ஆட்டிப் பார்த்தார். "இருவது கிலோ தாங்கும். மத்தி போட்டுப் பாரு" என்றார். ஹாரன் இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பழைய ரப்பர் ஹாரன் ஓ.டி. பக்கம், அதாவது கடலூர் பழைய நகரத்தில், ஒரு கடையில் இருக்கிறது என்று சொன்னார்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்துவிட்டுப் போய்ப் பார்க்க வேண்டும்.