ஒன்றாம் எண் சட்டை

நேயர்களுக்கு வணக்கம். ரக்பியைப் பற்றித் தமிழில் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, பந்தைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ஆட்டக்காரர் ஒருவரைச் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது நம் தென்னாப்பிரிக்க அணிக்கு ஆடிய டெண்டாய் ம்டவரிராவை. 117 டெஸ்ட், அதாவது நாட்டு அணிகளின் ஆட்டம், ஆடியும் மொத்தமே இரண்டு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டவர் அவர்.

டர்பனில் நம் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நமக்குக் கால்பந்து, கிரிக்கெட், அதற்கப்புறம்தான் ரக்பி. காரணம் இல்லாமல் இல்லை. நிறவெறிக் காலத்தில் நம் பெரியவர்கள் பலர் ஒதுக்கிவிட்ட மூலையில் நின்றுகொண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த அணிக்குத்தான் கை தட்டினார்கள். ஸ்பிரிங்பாக் என்ற தென்னாப்பிரிக்க அணியின் பச்சைச் சட்டை அன்று நம்முடையதாக இல்லை. அதே டர்பனில், கிங்ஸ் பார்க் மைதானத்தில், ம்டவரிராவின் பட்டப்பெயரான "பீஸ்ட்" என்று நம் பிள்ளைகளும் சேர்ந்து கத்திய காலம் பின்னால் வந்தது. நீட்டிக் கத்துவார்கள், "பூ" என்ற கேலிக் கூச்சல் போலவே இருக்கும், முதல்முறை கேட்கும் வெளியூர்க்காரருக்குச் சொந்த ஆளையே கேலி செய்கிறார்கள் என்றுதான் தோன்றும்!

ஹராரேயில் 1985-இல் பிறந்தவர். டர்பன் அணியான ஷார்க்ஸுக்காக இங்கே வந்தபோது பின்வரிசை ஆட்டக்காரர். பயிற்சியாளர் டிக் மியூர்தான் அவரை முன்வரிசைக்கு, லூஸ்ஹெட் ப்ராப் இடத்துக்கு மாற்றினார். ஸ்கிரம்மில் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் குனிந்து முட்டும்போது இடது ஓரத்தில் நிற்கும் ஒன்றாம் எண்காரர் அவர். வலது தோளால் எதிராளியை அழுத்தி, இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து வரும் தள்ளலை நேராக முன்னே கடத்த வேண்டும். தலை குனிந்த வேலை. கேமராவுக்கு முதுகுதான் தெரியும்.

2008 ஜூனில் பிரிட்டோரியாவில் வேல்ஸுக்கு எதிராக முதல் டெஸ்ட். மறு வருடம் ஜூனில் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்கள் சேர்ந்த லயன்ஸ் அணி கிங்ஸ் பார்க்குக்கு வந்தது. எதிரே ஃபில் விக்கரி, 2003-இல் உலகக் கோப்பை வென்ற ஆள். அவரை ம்டவரிரா ஸ்கிரம்மிலிருந்து மேல்நோக்கித் தூக்கியே நிமிர்த்திவிட்டார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. விசில் ஊத ஊதப் பெனால்ட்டி குவிந்தது; இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் விக்கரியை மாற்ற வேண்டியதாயிற்று. 26-21 என்று நாம் ஜெயித்தோம்.

இவ்வளவு செய்தவரைப் பார்த்து, குடிமகன் அல்லாதவர் நாட்டுக்கு ஆடலாமா என்று அரசியல் வட்டாரத்தில் கேள்வி எழுந்தது. ரக்பி விதிப்படி வசித்த காலம் போதும், கடவுச்சீட்டுதான் பிரச்சினை. 2010-இல் குடியுரிமை கிடைத்தது. இந்த விவகாரம் மற்றவர்களைவிட நம்மைத்தான் சுட்டிருக்க வேண்டும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் வந்து கரும்புக் காட்டில் இறங்கியவர்களின் பிள்ளைகளை இந்நாட்டின் நிரந்தரக் குடிமக்கள் என்று ஒப்புக்கொள்ள 1961 வரை ஆனதே! உழைப்பை வாங்கிக்கொண்டு காகிதத்தைக் கேட்கும் பழக்கம் புதிதல்ல.

இடையில் இதயத் துடிப்புக் கோளாறும் வந்து ஆட்டங்களை விட்டுக்கொடுக்க வைத்தது. மீண்டு வந்தார். உள்நாட்டுப் போட்டியான கரி கப் வெற்றி மூன்று முறை, 2015 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் என்று போயிற்று.

பிறகு 2019 நவம்பர் 2, யோக்கஹாமா, உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தொடங்கிய சில நிமிடங்களிலேயே இங்கிலாந்தின் கைல் சின்க்லர் அடிபட்டு வெளியேற, டான் கோல் உள்ளே வந்தார். முப்பத்துநான்கு வயது ம்டவரிரா அவரை என்ன பாடு படுத்தினார் என்பதை நம் அணியின் பொல்லார்ட் உதைத்த பெனால்ட்டிகளே சொல்லும். 32-12 என்று ஜெயித்தோம். நம் மபிம்பியும் கோல்பியும் போட்ட ட்ரைகளைத்தான் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுகிறார்கள். ஆனால் இங்கிலாந்தின் முதுகு முறிந்தது அதற்கு முன்பே, ஸ்கிரம்மில். என் கணிப்பு அதுதான்.

அத்தோடு சர்வதேச ஆட்டத்துக்கு விடை. மாட்ஃபீல்டுக்கும் ஹபானாவுக்கும் அடுத்தபடியாக, நாட்டுக்கு அதிக டெஸ்ட் ஆடிய மூன்றாமவராக அன்று வெளியேறினார்.

இனி ஆட்டம் பார்க்கும்போது ஸ்கிரம் வந்தால் டீ போட எழுந்து போகாதீர்கள். ஒன்றாம் எண்காரரின் இடது முழங்கையைப் பாருங்கள். அது தரையை நோக்கி இறங்கினால் அவருக்கு எதிராக விசில் வரப் போகிறது. நிமிர்ந்தே இருந்தால் எதிரே நிற்கும் மூன்றாம் எண்காரர் பாடு திண்டாட்டம். வணக்கம்.