வீட்டில் சும்மாதான் இருந்தேன்: இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பூங்காவில் ஒரு புங்கமர நிழலில் அமர்ந்து இன்று உங்களோடு பேசுகிறேன். வேலை ஒன்றும் செய்யாமல் பொழுதைக் கழிப்பதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் பேச்சுச் சொற்களைப் பற்றி நீண்ட நாட்களாகவே பேச நினைத்திருந்தேன். ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் செல்லும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2019ஆம் ஆண்டு பெங்களூரில் ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தேன். அதற்கு முந்தைய ஆறு மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்து, அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்த காலம் அது. ஊரில் யார் கேட்டாலும், "வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்" என்று சொல்லிப் பழகியிருந்த நான், அதையே மனத்துக்குள் மொழிபெயர்த்து, "ஐ வாஸ் லோஃபிங் அட் ஹோம்" என்று சொல்லிவிட்டேன். எதிரில் இருந்தவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி, என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, பேனாவின் மூடியைப் போட்டார். அதன் பிறகு என்னிடம் வேறு கேள்வி வரவில்லை.

நம்முடைய 'சும்மா' அடக்கமாகப் பேசுவதற்கும் உதவும் சொல். பத்து வேலை செய்தவரும் சும்மா இருந்தேன் என்பார். கேட்பவருக்கும் அது புரியும். 'லோஃப்' என்ற சொல்லில் அந்த அடக்கம் இல்லை. அமெரிக்காவில் 1830களில் எழுத்துக்கு வந்த 'லோஃபர்' என்னும் சொல், உழைக்காமல் சுற்றித் திரிபவனைக் குறித்தது. நம் தெருவுக்கு வந்த பிறகு அது இன்னும் கடுமையாகி, பொறுக்கி என்பதற்கு நிகரான வசையாகவே நிலைத்துவிட்டது.

'லேஸி' என்னும் சொல் ஒருவருடைய குணத்தின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. அதிலிருந்தே பிறந்த 'லேஸ்' என்னும் வினைச்சொல்லுக்கோ குற்றச்சாட்டின் வாடையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சாய்ந்து கிடந்ததை "லேஸிங் அபவுட்" என்று தாராளமாகச் சொல்லலாம், கேட்பவரும் மகிழ்வார். 'சில்', 'ஹேங் அவுட்' ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம்.

'லாயிட்டர்' என்னும் சொல்லில்தான் மிகுந்த கவனம் வேண்டும். தள்ளாடுதல், ஆடி அசைதல் என்ற பொருளுடைய பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்த இது, இன்று சட்டத்தின் வாசனை ஏறிய சொல்லாகிவிட்டது. சிகாகோ நகரம் 1992இல் இயற்றிய ஒரு விதி, வெளிப்படையான நோக்கம் ஏதுமின்றி ஓரிடத்தில் நிற்பதையே 'லாயிட்டர்' என்று வரையறுத்து, குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்களும் அவர்களோடு நிற்பவர்களும் காவலர் சொல்லியும் கலையாவிட்டால் அது குற்றம் என்றது. எது குற்றம், எது குற்றமில்லை என்பது அந்த விதியில் தெளிவாக இல்லை என்று கூறி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் அதைச் செல்லாததாக்கியது. ஆகவே, மாலையில் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் நண்பர்களோடு நின்று பேசியதை "வி வேர் லாயிட்டரிங்" என்று சொன்னால், நீங்களே உங்கள் மீது புகார் எழுதிக் கொடுத்தது போல ஆகும். 'ஹேங்கிங் அவுட்' என்று சொல்லுங்கள், போதும்.

வேலை நேரத்தில் வேலையைத் தட்டிக் கழிப்பவரைப் பற்றி 'ஸ்லாக் ஆஃப்', 'கூஃப் ஆஃப்' என்பார்கள்; பிரிட்டனில் 'ஸ்கைவ்' என்பார்கள். முதல் உலகப் போரின்போது படையில் சேராமல் நழுவியவர்களை அமெரிக்கர்கள் 'ஸ்லாக்கர்' என்றே ஏசினார்கள். எனவே, உடன் பணிபுரிபவரை விளையாட்டாகக்கூட அப்படி அழைக்காதீர்கள். வகுப்பை 'பங்க்' அடிப்பது பிரிட்டனின் 'பங்க் ஆஃப்' என்னும் வழக்கோடு சேர்வது. 'கட்' அடிப்பது அமெரிக்கருக்கும் புரியும்.

தொலைக்காட்சி முன்னால் அசையாமல் கிடப்பவரைக் குறிக்கும் 'கவுச் பொட்டேட்டோ' 1970களில் கலிபோர்னியாவில் பிறந்தது. அங்கே தொலைக்காட்சிக்கு 'டியூப்' என்று பெயர்; கிழங்குக்கு 'டியூபர்' என்று பெயர்; அந்த ஒலி ஒற்றுமையில்தான் உருளைக்கிழங்கு சோபாவில் ஏறியது. இந்தச் சொல் தங்கள் விளைச்சலை இழிவுபடுத்துகிறது என்று பிரிட்டன் உருளைக்கிழங்கு விவசாயிகள் 2005இல் போராடியபோது, அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது.

எனக்கு மிகவும் பிடித்த சொல் 'பாட்டர்'. அமெரிக்கர் 'பட்டர்' என்பார்கள். அவசரம் இல்லாமல், மனத்துக்குப் பிடித்த சிறுசிறு வேலைகளைச் செய்துகொண்டு பொழுதைக் கழிப்பதற்கு அந்தப் பெயர். எங்கள் தாத்தா காலையில் களி தின்றுவிட்டு மாந்தோப்புக்குள் போவார். கீழே கிடக்கும் சுள்ளிகளைப் பொறுக்கி ஒரு பக்கம் சேர்ப்பார். வாய்க்காலில் சரிந்த மண்ணை மண்வெட்டியால் ஒதுக்குவார். காய் பிடித்துத் தாழ்ந்த கிளைக்குக் கவைக் கம்பு ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டு முறை அசைத்துப் பார்த்து முட்டுக் கொடுப்பார். என்ன தாத்தா செய்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மாதான் கண்ணு" என்பார். அந்தச் 'சும்மா'வுக்கு 'பாட்டரிங்' சரியாகப் பொருந்துகிறது.

நேர்காணலில் நான் சொன்ன 'சும்மா'வுக்கு இவற்றில் எதுவுமே பொருந்தாது என்பதை, ஊருக்குத் திரும்பும் பேருந்து சூளகிரியைத் தாண்டிய பிறகுதான் உணர்ந்தேன். "ஐ வாஸ் லுக்கிங் ஆஃப்டர் மை ஃபாதர்" என்பதே நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். அடுத்த நேர்காணலில் அப்படித்தான் சொன்னேன். கேட்டவர், அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்.