கீழாநெல்லி பாலிலா, மோரிலா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "ஐயா, என் வீட்டுக்காரருக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது. கீழாநெல்லியை அரைத்து வெறும் வயிற்றில் கொடுக்கச் சொல்கிறார்கள். பாலில் கலக்கவா, மோரில் கலக்கவா?" அவ்வளவுதான். எத்தனை நாளாக மஞ்சள், என்ன வயது, காய்ச்சல் உண்டா, வலி உண்டா, ஒன்றும் இல்லை. பாலா மோரா!

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மோரில் கலப்பதுதான் பரவலான வழக்கம், பாலில் கொடுப்பவர்களும் உண்டு, அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் நம் காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன கேட்பேன் என்று தெரியும். எந்தக் காமாலை?

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, அது ஒரு அறிகுறி. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ஏறினால் கண் மஞ்சளாகும். ஏன் ஏறியது? கல்லீரலை வைரஸ் தாக்கியிருக்கலாம், குடியால் கல்லீரல் கெட்டிருக்கலாம், ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையலாம், பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம், கணையத்தில் கட்டி இருக்கலாம். எல்லாவற்றுக்கும் கண் ஒரே மஞ்சள்தான்.

இதில் ஹெபடைடிஸ் ஏ என்ற வைரஸ் காமாலை, அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். கீழாநெல்லி குடித்தவருக்கும் சரியாகும், குடிக்காதவருக்கும் சரியாகும். குடித்தவர் மட்டும் பத்துப் பேரிடம் போய்ச் சொல்வார். நான் மூலிகைக்கு எதிரி இல்லை, அது உங்களுக்கே தெரியும். ஆனால் தானாகப் போன நோய்க்கும் செடி பேர் வாங்கிக்கொள்கிறது, அதை நம்பித்தான் அடுத்தவர் ஏமாறுகிறார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான். நன்றாகப் படித்தவர், கணக்குவழக்கில் புலி. கண் மஞ்சளானதும் கீழாநெல்லிச் சாறு, உப்பில்லாப் பத்தியம், எல்லாம் முறையாகச் செய்தார். மஞ்சள் இறங்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு வேறு. சாறு போதவில்லையோ என்று அளவைக் கூட்டினார்கள்! கடைசியில் ஸ்கேன் எடுத்தால் பித்தக்குழாயில் கல். குழாய் அடைத்திருக்கும்போது எந்த இலையை அரைத்துக் குடித்து என்ன பயன்? கல்லை எடுத்த பிறகுதான் கண் வெளுத்தது. அவரிடம் பிறகு நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த நாட்களில் மலம் என்ன நிறத்தில் போனது?" யோசித்துவிட்டு, "வெளுப்பாகத்தான் போனது, யாரும் கேட்கவில்லையே" என்றார்.

என்னிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மலத்துக்கு அந்தப் பழுப்பு நிறத்தைக் கொடுப்பதே பித்தம். பித்தம் குடலுக்கு வரவில்லை என்றால் மலம் வெளுக்கும், சிறுநீர் கருமஞ்சளாகப் போகும், தோல் அரிக்கும். இதை நான் ஆங்கில மருத்துவத்திலிருந்து கடன் வாங்கிச் சொல்வதாக நினைக்காதீர்கள். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், பாண்டு என்ற உடல் வெளுக்கும் நோய்க்கான சிகிச்சை அத்தியாயத்திலேயே இருக்கிறது: காமாலைக்காரன் அரைத்த எள் போன்ற, அதாவது வெளுத்த, மலம் கழித்தால், கபம் வழியை அடைத்ததால் பித்தம் தடைபட்டிருக்கிறது என்று புரிந்துகொள், அதற்குச் சிகிச்சையே வேறு என்று. ஸ்கேன் இல்லாத காலத்தில் மலத்தின் நிறத்தைப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். நாம் பாலா மோரா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

சிலர் உடனே, "1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்ததே, கீழாநெல்லி நிரூபணம் ஆகிவிட்டதே" என்பார்கள். வந்தது உண்மை. சென்னையில் நடந்த ஆய்வு, எழுதியவர்களில் ஒருவர் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் வாங்கிய ப்ளம்பெர்க். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பெரிய பரபரப்பு. ஆனால் 1990இல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. இன்னொன்றைக் கவனியுங்கள், சென்னையில் மருந்து சாப்பிட்டவர்கள் பி வைரஸை நாட்பட உடம்பில் சுமந்தவர்கள், திடீரென்று கண் மஞ்சளாகி வந்தவர்கள் இல்லை. அந்த ஆய்வைக் காட்டி "காமாலைக்கு நிரூபித்துவிட்டார்கள்" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

செடி விஷயமும் இருக்கிறது. ஆயுர்வேதத்தில் பூம்யாமலகி என்று சொல்லும் நம் கீழாநெல்லி எது என்று பறிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஒரு கிளையைத் திருப்பிப் பாருங்கள். இலைகளின் அடியில் வரிசையாக, மெல்லிய காம்போடு, வழவழப்பான குட்டிப் பச்சைக் காய்கள் தொங்கும். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டு, சொரசொரப்பாக இருந்தால் அது வேறு இனம், பேர் மட்டும் ஒன்றாகச் சொல்வார்கள். உலர்த்திப் பொடித்துவிட்டால் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது, கடைப் பொடியில் இனங்கள் கலந்திருப்பதும் உண்டு.

ஆகவே அம்மா, இன்றே அவரை அழைத்துக்கொண்டு போங்கள். பிலிருபின், கல்லீரல் நொதிகள், ரத்தம் உறைவதைப் பார்க்கும் ஐ.என்.ஆர்., வைரஸ் பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன். ரிப்போர்ட்டில் சாதாரண வைரஸ் காமாலை என்று தெரிந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மோரில் கலந்து கொடுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் பேச்சு குழறினால், பகலில் தூங்கி வழிந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால், வாந்தி நிற்கவில்லை என்றால் அரைத்ததை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கல்லீரல் செயலிழப்பதன் அறிகுறிகள் அவை.

கர்ப்பிணிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ, கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் 20 முதல் 25 சதவீதம் வரை உயிரிழப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களுக்கு வீட்டு வைத்தியம் என்ற பேச்சே வேண்டாம், நேராக மருத்துவமனை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் என்றாலும் அப்படியே, சாறு என்று ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்காதீர்கள்.

சரி, வல்லாரையைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், அதற்குப் போகலாம்.