மேரிலாண்ட்: எந்த கவுன்டி ஸ்கூல் நல்லது?

வணக்கம் மக்களே! அமெரிக்காவுல மேரிலாண்ட் ஸ்டேட்டுக்கு மாறி வர்றவங்க கேக்கற முதல் கேள்வி, "எந்த கவுன்டில ஸ்கூல் நல்லா இருக்கும்?" கவுன்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. நம்ம ஆளுங்க பதிலையும் கையோட கொண்டு வந்துடுவாங்க: ஹோவர்டு, இல்லன்னா மான்ட்கோமரி. தப்புன்னு சொல்லல. ஆனா காசு எங்கேருந்து வருதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

நியூ ஜெர்சில ஊருக்கு ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கிட்டத்தட்ட 600 இருக்கு. இங்க மொத்தமே 24. அதாவது 23 கவுன்டி, அதோட பால்டிமோர் சிட்டி. ஸ்கூல் போர்டு தானா வரி போட முடியாது. வருஷா வருஷம் பட்ஜெட்டைத் தூக்கிட்டு கவுன்டிகிட்ட போய் நிக்கணும். ஸ்டேட்டும் ஒரு பங்கு தரும். வசதியான கவுன்டின்னா கம்மி, இல்லாத கவுன்டின்னா ஜாஸ்தி.

அந்த "வசதி"யைக் கணக்குப் போடற விதத்துலதான் வில்லங்கம். வூஸ்டர் கவுன்டியை எடுத்துக்கோங்க. ஓஷன் சிட்டி பீச் ஓரமா வரிசையா காண்டோ, அதாவது அபார்ட்மென்ட் வீடுங்க. கோடைக்கு மட்டும் வந்து போறவங்க வீடு நிறைய. அந்த மதிப்பு பூராவும் கவுன்டி சொத்தா கணக்குல ஏறும், ஸ்கூல்ல பிள்ளைங்க கொஞ்சம்தான். பிள்ளை தலைக்கு வகுத்தா பெரிய பணக்காரங்க! ஸ்டேட் கிள்ளித்தான் குடுக்கும். அங்க படிக்கற பிள்ளைங்களோட அப்பா அம்மா பல பேரு ஹோட்டல்லயும் ரெஸ்டாரன்ட்லயும் வேலை பாக்கறவங்க.

பால்டிமோர் சிட்டி இதுக்கு நேர் எதிர், சொத்து கம்மி, அதனால ஸ்டேட் பணம் ஜாஸ்தி. "தலைக்கு இவ்ளோ செலவு பண்ணியும் ஒண்ணும் தேறலையே"ன்னு சொல்லுவாங்க. வறுமை, மாற்றுத்திறன் பிள்ளைங்களுக்கான ஸ்பெஷல் எட், இங்கிலீஷ் புதுசா கத்துக்கற பிள்ளைங்க, இதுக்கெல்லாம் தனித்தனியா பணம் சேர்றதாலதான் அந்த நம்பர் பெருசா தெரியுது. கட்டடமோ ஸ்டேட்லயே பழசு. 2018 ஜனவரில ஹீட்டிங் வேலை செய்யாம, பிள்ளைங்க கிளாஸ்குள்ளயே கோட்டும் கிளவுஸுமா உக்காந்திருந்த போட்டோ ஞாபகம் இருக்கா? பழைய பாய்லருக்கு தலைக்கு எவ்ளோன்னு தெரியுமா என்ன!

இதையெல்லாம் சரிபண்ணத்தான் ஸ்டேட் போட்ட கிர்வன் கமிஷன்னு ஒரு குழு உக்காந்துச்சு, அது சொன்னதை வச்சு புளூபிரின்ட்னு ஒரு கல்விச் சட்டம் வந்துச்சு. கவர்னர் ஹோகன் 2020ல வீட்டோ பண்ணாரு, 2021ல சட்டசபை அதை மீறி நிறைவேத்திருச்சு. 2026 ஜூலைக்குள்ள புது டீச்சர் சம்பளம் குறைஞ்சது 60,000 டாலர்னு அதுல இருக்கு. கவுன்டிகளும் தங்களோட பங்கைப் போடணும், சண்டையே அங்கதான்.

இப்ப வீடு தேடறவங்களுக்கு. ஜில்லோங்கற வீடு தேடற சைட்ல வீட்டுக்குக் கீழே ஸ்கூலுக்கு பத்துக்கு இத்தனைன்னு ஒரு நம்பர் வருதுல்ல, அதுல பாதி அந்தத் தெருக்காரங்க வருமானம்னு நான் சொல்லுவேன். ஸ்டேட் போடற ரிப்போர்ட் கார்டுல பிள்ளைங்க ஒரு வருஷத்துல எவ்ளோ முன்னேறியிருக்காங்கன்னு தனியா இருக்கும், அதைப் பாருங்க.

இன்னொண்ணு, ஒரே கவுன்டிக்குள்ளயும் எல்லாம் சமம் கிடையாது. ஹோவர்டுல ஏரியாவை சின்னச் சின்னதா பிரிச்சு பாலிகன்னு நம்பர் போட்டு வச்சிருக்காங்க. 2019ல ஆயிரக்கணக்கான பிள்ளைங்களை ஸ்கூல் மாத்தினப்போ, "எங்க பாலிகனைத் தொடாதே"ன்னு பேரன்ட்ஸ் போர்டோட மல்லுக்கு நின்னாங்க. நம்ம ஆளுங்களும்தான்! 2023ல கில்ஃபோர்டு பார்க் ஹைஸ்கூல் திறந்தப்பவும் எல்லை நகர்ந்துச்சு. அதனால ஸ்கூலுக்காகவே கூடுதலா காசு குடுத்து வீடு வாங்கறீங்கன்னா, பக்கத்துல புது ஸ்கூல் வருதான்னு விசாரிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க.