ஒளியைக் கலைக்கும் சொரசொரப்பு

வணக்கம் நேயர்களே. குளியலறை ஜன்னல்களில் ஒரு கண்ணாடி இருக்குமே, வெளிச்சம் உள்ளே வரும், ஆனால் ஆள் உருவம் தெரியாது. அதன் சொரசொரப்பான பக்கத்தில் ஈரவிரலால் ஒரு தடவு தடவிப் பாருங்கள். விரல் பட்ட இடம் மட்டும் தெளிந்து, அந்தப் பக்கம் இருப்பது தெரியும். ஈரம் காய்ந்ததும் பழையபடி மங்கிவிடும்.

கண்ணாடியின் உள்ளே மங்கல் என்று எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் மேற்பரப்பில் உள்ள குட்டிக் குட்டி மேடு பள்ளங்கள்தான். ஒவ்வொரு சரிவும் ஒளியை ஒவ்வொரு பக்கம் திருப்பிவிடுகிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண், காற்றுக்கு ஏறக்குறைய 1, கண்ணாடிக்குச் சுமார் 1.5, தண்ணீருக்கு 1.33. பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பியதும் இந்த வித்தியாசம் சுருங்கிவிடுகிறது, ஒளி அதிகம் கலையாமல் போகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். மேடு பள்ளம் அதைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால் ஒளி அதைப் பொருட்படுத்தாது. அந்த அளவை எட்டினால்தான் சிதறல்.

இந்தச் சொரசொரப்பை மணலைப் பீய்ச்சியும் கொண்டுவரலாம், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தாலும் கொண்டுவரலாம். அந்த அமிலத்தை நினைத்தாலே எனக்குப் பயம். பட்டவுடன் வலிக்காமல்கூட இருக்கும். ஆனால் தோலைத் தாண்டி உள்ளே போய், உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நான் இந்தச் சொரசொரப்பைக் கொண்டுவருவது கார்பன் டை ஆக்சைடு லேசரால். 1964-இல் பெல் ஆய்வகத்தில் குமார் படேல் உருவாக்கியது. அதன் ஒளி 10.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது ஆயிரம் நானோமீட்டர்) அலைநீளமுள்ள அகச்சிவப்பு. நம் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கண்ணாடி, இந்த ஒளிக்குச் சுவர் மாதிரி. ஒரு தலைமுடித் தடிமனைத் தாண்டுவதற்குள் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு வெப்பமாகிவிடும். சூடான புள்ளி விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த கண்ணாடி இடம் கொடுக்காது. அந்த இழுபறியில் மெல்லிய விரிசல்கள் விழும், செதில் பெயரும். ஒளியைக் கலைப்பவை அவைதான். சூடானால் சாதாரண ஜன்னல் கண்ணாடி, தூய சிலிக்காவாலான குவார்ட்ஸ் கண்ணாடியைவிட 15 மடங்குக்கு மேல் விரியும். அதனால் குவார்ட்ஸில் இதே வேலை வேறு விதமாக முடியும்: விரிசலுக்குப் பதில் உருகி, வழவழப்பான குழி விழும்.

ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன். நன்றாக வெளுக்கட்டும் என்று லேசரின் சக்தியை ஏற்றினேன். படபடவென்று மெல்லிய சத்தம். பார்த்தால் பால் போல வெள்ளை, மனசுக்குச் சந்தோஷம். மறுநாள் துணியால் துடைத்தபோது செதில் செதிலாகக் கையோடு வந்தது, கோடுகளின் ஓரமெல்லாம் பிய்ந்து போயிருந்தது. இப்போது ஈரக் காகிதத்தை மேலே ஒட்டிக்கொண்டு, சக்தியைக் குறைத்து, புள்ளி புள்ளியாக வைக்கிறேன். ஒரு புள்ளி ஆறிய பிறகுதான் பக்கத்துப் புள்ளி. துகளை வாயால் ஊத மாட்டேன், ஈரத்துணியால் ஒற்றி எடுப்பேன்.

சரி, லேசர் எதற்கு? எனக்குப் பிடித்த காரணம், ஓரத்திலிருந்து விளக்கேற்றும் பலகை. கண்ணாடியின் விளிம்பு வழியே நுழையும் ஒளி, பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து 42 பாகைக்கு மேல் சாய்ந்து மோதினால் வெளியே வர முடியாது. உள்ளேயே எதிரொளித்துக்கொண்டே ஓடும். லேசர் புள்ளி இருக்கும் இடத்தில்தான் அதற்கு வாசல் கிடைக்கிறது. புள்ளிகளைச் சமமாக வைத்தால் விளக்குப் பக்கம் பளீர், தூரத்தில் இருட்டு. அதனால் விளக்கருகே புள்ளிகளை இடைவெளி விட்டும், தள்ளிப் போகப்போக நெருக்கமாகவும் வைக்க வேண்டும். எவ்வளவு நெருக்கம் என்பதைக் கணினிக் கோப்பில் மாற்றினால் போதும். மணலிலும் அமிலத்திலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும், சொரசொரப்பு வேண்டாத இடத்தை மூடும் மறைப்பைப் புதிதாக வெட்ட வேண்டும்.

பலகை தயாரானதும் அறையை இருட்டாக்கி விளக்கைப் போடுவேன். புள்ளிகள் ஒவ்வொன்றும் மினுக்கும். துடைக்க மறந்த ஒரு விரல்ரேகை இருந்தால், அதுவும் வரிவரியாகக் கூடவே ஒளிரும்.