இல்லை என்ற பதிலுக்கும் ஒரு நோட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்ங்க.

உங்கள் வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கும். நூறு ரூபாய் வரிக்குப் பத்து ரூபாய். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டம் தந்த ஏற்பாடு இது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு வற்புறுத்தி வந்த அந்தச் சட்டத்தைக் கல்வி அமைச்சராக இருந்து கொண்டுவந்தவர், நம் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார். ஆக, நூலகத்துக்குள் காலே வைக்காதவரும் அதற்குக் காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

சரி, அந்தக் காசுக்குப் பலன் கிடைக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நூலகத்தில் கணக்குக்குப் பஞ்சமில்லை. வாசலில் வருகைப் பதிவேடு, மேசையில் இரவல் பதிவேடு, உறுப்பினர் பட்டியல், மாத அறிக்கை எல்லாம் உண்டு. ஆனால் இவை எல்லாம் நடந்ததைத்தான் சொல்லும். நடக்காமல் போனது எதிலும் ஏறாது.

ஓர் ஊர்ப்புற நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கையில் பால் கேனோடு ஓர் அம்மா வந்து வாசற்படியிலேயே நின்றார். "ஏனுங்க, வெள்ளாட்டுக்கு வர்ற நோவு பத்திப் புஸ்தகம் ஏதாச்சும் இருக்குதுங்களா?" நூலகர் எழுந்துபோய் இரண்டு அடுக்கைத் துழாவினார். "இல்லீங்களே அக்கா. மாட்டுக்குத்தான் ஒண்ணு இருக்குது." "பரவால்லீங்க" என்று அவர் நடையைக் கட்டிவிட்டார். அவர் கையெழுத்துப் போடவில்லை, நூல் எடுக்கவில்லை. அந்த மாத அறிக்கையைப் பொறுத்தவரை அவர் வரவே இல்லை.

மளிகைக் கடைக்காரரைப் பாருங்கள். ஆள் கேட்டு இல்லாத சரக்கை அப்போதே ஒரு சீட்டில் குறித்துக்கொள்வார். அடுத்த முறை ஈரோட்டுக்குச் சரக்கெடுக்கப் போகும்போது அந்தச் சீட்டுதான் சட்டைப்பையில் இருக்கும். நூலகத்துக்கும் அப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, என்ன கேட்டார், எந்த மொழியில். பெயர் வேண்டாம். ஆறு மாதத்தில் அந்த நோட்டு சொல்வதை எந்தக் கணினியும் சொல்லாது. திருப்பூர்ப் பக்கம் என்றால் ஒடியா, இந்திப் பேப்பர் கேட்டவர்கள்கூட அதில் இருக்கக்கூடும்.

அப்புறம், நூலின் பின்னட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. கடைசி முத்திரை எந்த வருடத்தது என்று பாருங்கள். பத்து வருடமாக முத்திரையே விழவில்லை என்றால் உடனே கழித்துவிட வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழ்த் தட்டில், குனிந்தால்தான் தெரிகிற இடத்தில் கிடந்திருக்கலாம். முதலில் கண்மட்டத்துக்கு ஏற்றி, முன்னட்டை தெரிய ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லையா, வேறு கிளைக்கு அனுப்பிப் பாருங்கள். வெள்ளகோவிலில் தூங்குகிற நூலைக் கோபியில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கலாம். கொங்கு வரலாறு, நூறு பாட்டு கொண்ட பழைய சதகங்கள் போன்றவற்றை யாரும் எடுக்காவிட்டாலும் கழிக்கக்கூடாது. அங்கே எண்ணிக்கைக்கு வேலை இல்லை.

இரவல் கணக்கை மட்டும் நம்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நூலும் எடுக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது நாற்காலி, மின்விசிறி, செல்போனுக்கு ஒரு பிளக். அகராதியும் கலைக்களஞ்சியமும் வீட்டுக்குப் போகாதவை. மேசையில் விட்டுப்போன நூல்களை அடுக்குவதற்கு முன்னால் எண்ணிக் குறித்தால்தான் அவற்றுக்கும் வாசகர் உண்டென்று தெரியும்.

நேரமும் அப்படித்தான். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு நுழைந்து ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் வெளியே வரும்போது இரவு எட்டரை ஆகிவிடும். கிளை நூலகம் அதற்குள் பூட்டியாகிவிடும். நல்லவேளையாகப் பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அவருக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான். மாதத்துக்குச் சராசரி இவ்வளவு பேர் என்று எழுதினால் ஞாயிறு அதில் கரைந்துவிடும். கிழமை வாரியாக, மணி வாரியாகத் தலையை எண்ண வேண்டும். புஞ்சைப் புளியம்பட்டி மாதிரி சந்தை கூடுகிற ஊர்களில் சந்தை நாளைத் தனியாகப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மதியம் நூலகம் பூட்டியிருந்தால் சுற்றுப்பட்டுக் கிராமத்துக்காரர்கள் பூட்டைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இவ்வளவு எண்ணச் சொல்கிற நான் ஒன்றை எண்ண வேண்டாம் என்பேன். யார் எதைப் படித்தார் என்ற சரித்திரம் தேவையில்லை. நம் ஊர்களில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரர். "எங்க பாப்பா என்ன புஸ்தகம் எடுத்துட்டுப் போச்சுங்க?" என்று கல்லூரியில் படிக்கிற பெண்ணைப் பற்றி ஒரு மாமா வந்து கேட்டால், நூலகர் பதில் சொல்லக்கூடாது. சொல்ல முடியாதபடி பதிவே இல்லாமல் இருப்பது இன்னும் நல்லது. நியூசிலாந்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கிற கோஹா என்ற நூலக மென்பொருளில், நூல் திரும்பி வந்த பிறகு அந்தப் பதிவிலிருந்து வாசகர் பெயரை நீக்கும் வசதி இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் அது இன்னும் சுலபம், பெயரே எழுதாவிட்டால் போதும்.

இதெல்லாம் யார் செய்வது? ஊர்ப்புற நூலகத்தில் பெரும்பாலும் ஒரே ஆள். திறப்பதும் பெருக்குவதும் முத்திரை குத்துவதும் அவர்தான். அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. அவர் குறித்து வைத்தால் போதும், மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க வாசகர் வட்டத்தில் இரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா? ஆகஸ்டில் ஈரோட்டில் புத்தகத் திருவிழா வரும். நூலகத்துக்கு நன்கொடையாக நூல் வாங்கித் தருகிறவர்கள் அங்கே கண்ணில் பட்டதை வாங்கி வருவார்கள், அதில் பாதி ஏற்கெனவே அடுக்கில் இருக்கும். ஜூலைக் கடைசியில் இல்லை என்று சொன்னவற்றின் பட்டியலைப் படியெடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். வெள்ளாட்டு நோவு அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

வணக்கம்.