கடன் வாங்குவதற்கே கையில் காசு வேண்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் கல்விக் கடன் அணி நண்பர்களுக்கும், பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களுக்கும் வணக்கம். பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்குக் கைகொடுப்பது பெற்றோரின் சேமிப்பா, வங்கியின் கல்விக் கடனா என்று தலைப்பு. எங்கள் வீட்டில் இரண்டையும் அனுபவித்தாயிற்று, அதனால் சேமிப்பு அணியை நானே கேட்டு வாங்கினேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், "4 லட்சம் வரைக்கும் ஜாமீன் வேண்டாம், சொத்து வேண்டாம், படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் தவணையே கட்ட வேண்டாம், அப்புறம் எதற்கு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்க வேண்டும்?" என்று கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது நடுவர் அவர்களே. ஆனால் அந்தக் கடன் எப்போது கைக்கு வரும் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கினார்கள் என்றால் சில நாட்களுக்குள் பணத்தைக் கட்டிச் சேர வேண்டும். வங்கியிலோ சேர்ந்ததற்கான போனஃபைடு சான்றிதழைக் கொண்டு வா, நாலு வருஷக் கட்டண விவரத்தைக் கல்லூரி லெட்டர்பேடில் வாங்கி வா, அப்பாவின் வருமானச் சான்று எங்கே என்பார்கள். அதாவது, சேர்ந்தால்தான் கடன், பணம் கட்டினால்தான் சேர முடியும். கடன் வாங்குவதற்கே முதலில் கையில் காசு வேண்டும்!

2009இல் என் அண்ணனுக்கு இதுதான் நடந்தது. அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அண்ணனுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் கிடைத்தது. முதல் வருஷக் கட்டணத்துக்கு அப்பா பட்டறைக்குத் தெரிந்த ஒருவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், வருஷத்துக்கு 36. வங்கிக்கு ஏழெட்டு முறை நடந்தார், ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலி போயிற்று. பணம் வர இரண்டரை மாதம் ஆனது. கண்ணில் வெல்டிங் பொறி பட்டுச் சிவந்திருக்கும், அதைத் துடைத்துக்கொண்டே அந்த விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு அப்போது 11 வயது.

அண்ணன் வாங்கியது மொத்தமே 2 லட்சத்து 40 ஆயிரம். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்றார்களே, அந்த ஐந்து வருஷமும் வட்டி தூங்கிக்கொண்டா இருந்தது? கணக்கை இன்றைக்குப் போட்டுக் காட்டுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் வீதம் நாலு வருஷத்தில் 5 லட்சம் கடன், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் 1 லட்சத்து 75 ஆயிரம் சேர்ந்திருக்கும். 6 லட்சத்து 75 ஆயிரத்தை ஏழு வருஷத்தில் அடைக்க மாதம் 11,200 ரூபாய். கடைசியில் கட்டி முடிக்கும் தொகை 9 லட்சத்து 40 ஆயிரம்! வருமானம் குறைந்த குடும்பத்துக்கு வட்டி மானியம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 2024இல் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்திலும் 8 லட்சம் வரை வருமானம் உள்ள வீட்டுக்கு 3 சதவீதம் தள்ளுபடி இருக்கிறது, ஆனால் அது பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அதுவும் கிடையாது.

அண்ணனுக்கு 2013இல் இரண்டு வேலை வந்தது. ஒன்று அவன் ஆசைப்பட்ட சிப் டிசைன், பயிற்சிக் காலத்தில் மாதம் 8,000. இன்னொன்று கால் சென்டர் நைட் ஷிப்ட், 14,000. வரப்போகிற தவணை 5,700 ரூபாயை மனசில் வைத்துக்கொண்டு அவன் கால் சென்டருக்குப் போனான். நாலு வருஷம் படித்த படிப்பை அவன் அதற்கப்புறம் தொடவே இல்லை. எதிரணி நண்பர்களே, "கடன் இருந்தால் பிள்ளைக்குப் பொறுப்பு வரும்" என்றீர்கள். வந்தது. பொறுப்பு வந்து, அவனுக்குப் பிடித்த வேலையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இப்போது என் கதை. அம்மா 2005இல், அதாவது அண்ணன் பள்ளியில் இருக்கும்போதே, என் பெயரைச் சொல்லி அஞ்சலகத்தில் மாதம் 500 ரூபாய் ஆர்.டி., அதாவது மாதா மாதம் கட்டுகிற தொடர் வைப்பு, போட ஆரம்பித்தார். மாதா மாதம் ஏஜென்ட் அக்கா வீட்டுக்கு வருவார், வாசல்படியில் உட்கார்ந்து அட்டையில் தொகையை எழுதிக் கையெழுத்துப் போடுவார், அம்மா அதை வாங்கி உளுந்து டப்பாவுக்கு அடியில் வைப்பார். அண்ணனுக்குப் பணம் தேவைப்பட்டபோது அதை உடைக்கலாமா என்ற பேச்சு வந்தது. "அது பாப்பாவோடது" என்று அம்மா விடவில்லை. 2010இல் 36,445 ரூபாய் வந்தது. அதை அப்படியே ஐந்து வருஷத்துக்கு டெபாசிட்டில் போட்டு, புதிதாக மாதம் 1,000 ரூபாய்க்கு இன்னொரு ஆர்.டி. ஆரம்பித்தார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த 2015இல் கையில் ஒன்றேகால் லட்சம் இருந்தது.

பெரிய தொகையா? இல்லை. ஆனால் நான் என்ன படிக்க ஆசைப்பட்டேனோ அதைக் கேட்கிற தைரியத்தை அந்தப் பணம் கொடுத்தது. அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் சேர்ந்தேன். கட்டணத்தை அன்றைக்கே கட்டிவிட்டு, அப்பாவும் நானும் பஸ் ஸ்டாண்டில் நிதானமாக டீ குடித்தோம். மிச்சப் பணத்தில் பி.எட். வரைக்கும் முடித்தேன். இன்றைக்கு டீச்சர்.

"சம்பளமே பத்தாத வீட்டில் எங்கிருந்து சேர்ப்பது?" என்ற கேள்விதான் இருப்பதிலேயே நியாயமான கேள்வி. அந்த வீட்டைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளை 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010இலிருந்து இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மிச்சம் இருப்பது சேருகிற அன்றைய செலவு, பெட்டி படுக்கை, பஸ், லேப்டாப், முதல் இரண்டு மாதம். அரசாங்கப் பணம் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கிற தொகை. இதற்கு எந்த வங்கி அவசரத்துக்குக் கொடுக்கும்? கந்துவட்டிக்காரர்தான் கொடுப்பார். அந்த வாசலுக்குப் போகாமல் காப்பாற்ற மாதம் 300, 500 போதும். அஞ்சலக ஆர்.டி. 100 ரூபாயிலேயே தொடங்கலாம்.

பெண் குழந்தை இருக்கிறதா? 10 வயதுக்குள் செல்வமகள் கணக்கு தொடங்குங்கள், 250 ரூபாய் போதும். பிறந்ததும் தொடங்கி மாதம் 1,000 ரூபாய் போட்டால், 2024 தொடக்கத்தில் அறிவித்த 8.2 சதவீத வட்டியே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 18 வயதில் 4 லட்சத்துக்கு மேல் இருக்கும், அதில் பாதியைப் படிப்புக்கு எடுக்கலாம். வட்டி ஏறும், இறங்கும், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மெடிக்கல் மாதிரி பெரிய செலவென்றால் இதற்கு மேல் கடனும் தேவைப்படலாம். அப்போதும் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டால், உள்நாட்டுப் படிப்புக்கு உங்கள் பங்கு 5 சதவீதம் எங்கே என்று வங்கி கேட்கும். திரும்பவும் சேமிப்பிடம்தான் வந்து நிற்க வேண்டும்!

வரிச் சலுகை என்றார்கள். கல்விக் கடன் வட்டிக்கான வருமான வரிக் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு, அதுவும் வரி கட்டுகிற அளவுக்குச் சம்பாதித்தால்தான். 14,000 ரூபாய்க்கு ராத்திரி முழுக்கக் கண்விழித்த என் அண்ணனுக்கு அதில் ஒரு ரூபாய்கூட மிச்சம் ஆகவில்லை.

அவன் கடைசித் தவணையைக் கட்டிய அன்று வங்கியில் கொடுத்த கடிதத்தை அம்மாவிடம் நீட்டினான். அம்மா அதை வாங்கி அந்த உளுந்து டப்பாவுக்கு அடியிலேயே வைத்தார். என் ஆர்.டி. அட்டையும் அவன் கடன் முடிந்த கடிதமும் இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. இரண்டில் எதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க ஆசைப்படுவார் என்று இங்கே இருக்கிற ஒவ்வொரு அம்மாவையும் கேளுங்கள் நடுவர் அவர்களே, கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள். வணக்கம்.